முன் இடது சில்லு

மற்ற மூன்றும் ஒருமாதிரி.
முன் இடது மட்டும் கறுப்பு,
தோசைக்கல்லின் அடி போல.

வெய்யில் ஏறமுன் வந்த கார்.
ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல்
கதவின் அரைவாசி வரை.
லீசிங் கொம்பனியின் சேர் இறங்கி
"சில்லு நாலும் பளிச்செண்டு வரவேணும்,
பின்னேரம் வவுனியாவில மீற்றிங்"
என்றுவிட்டு நிழலுக்குப் போனார்,
போன் காதோடு.

முதலில் வெறும் தண்ணீர்.
மண் போய்விடும். மண் எப்போதும் போய்விடும்.
பிறேக் தூள் அப்படியில்லை.
சூட்டோடு பறந்து சூட்டோடு குந்தி
அலோயின் தோலுக்குள் ஊசிமுனையாய் இறங்கி
அங்கேயே துருப்பிடிக்கிற இரும்பு.
சவர்க்கார நுரை அதன் தலையைத் தடவிவிட்டு
வழிந்து போகும்.

முதலாளி குணசீலன் அண்ணைக்கு அசிட் போதும்.
ஒரு மூடி அசிட், ஒரு வாளி தண்ணீர், பத்து நிமிசம்.
போன வருசம் ஒரு பிறீமியோவின் நாலு சில்லும்
திரைந்த பாலாய் வெளிறிப்போனதை
அவர் மறந்துவிட்டார்.
காசு கட்டினது நாங்கள்:
என் சம்பளத்தில் மூவாயிரம்,
நிறோஜன் சம்பளத்தில் மூவாயிரம்.
அதனால் நான் கொழும்பிலிருந்து வருகிற
போத்தலைத்தான் எடுப்பேன்.
கூழ்முட்டை மணம்.
ஒரு நேரத்தில் ஒரு சில்லு. காயவிடக் கூடாது.
மாங்குளத்துத் தண்ணீரும் லேசுப்பட்டதல்ல,
காய்ந்தால் வெள்ளைக் கல்லாய் நிற்கும்.

தெளித்தேன்.
நிறமில்லாத மருந்து
இரும்பைக் கண்டதும் ஊதாவாகும்.
பின் சில்லுகளில் கொஞ்சம்,
நாவற்பழம் சப்பின எச்சில் மாதிரி.
முன் இடதிலோ ஒரு கூடைப் பழம் மிதிபட்டது போல.
கம்பிகளுக்குள்ளால் வழிந்து
நட் குழிகளில் தேங்கி
என் செருப்பைச் சுற்றிப் போனது.

தூரிகையைப் பின்பக்கம் விட்டுத் தேய்க்கையில்
கணக்குப் பார்த்தேன்.
ஒவ்வொரு நிற்பாட்டலுக்கும் கொஞ்சம் தூள்.
ஒலுமடுவில் எத்தனை படலை,
கரிப்பட்டமுறிப்பில் எத்தனை,
எங்கள் ஒழுங்கையில் எங்கள் படலை.
இருபத்தோராம் தேதி
நான் அறைக்குள் நின்றுகொண்டு
"அம்மா கடைக்குப் போட்டா" என்று
மகளைச் சொல்லவிட்ட அன்று
இந்தக் கார் எவ்வளவு நேரம் நின்றது!
அந்த நிற்பாட்டலும் இதற்குள் இருக்கும்.
என் கையாலேயே கழுவுகிறேன்.

ஆனால் படலைகள் நாலு சில்லுக்கும் பொது.
இது ஒன்றுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?
முதல் தண்ணீருக்கு
இது மட்டும் சீறினது
இப்போதுதான் உறைத்தது.
ஜக் வைத்துத் தூக்கிச் சுழற்றினேன்.
கால் சுற்றும் போகவில்லை.
மிதித்த கால் எடுபட்டும்
பிறேக் விடவில்லை.
இவ்வளவு தூரமும்
பிடித்தபடியே ஓடி வந்திருக்கிறது.

சொல்லாமல் விடலாம்.
ஓமந்தை தாண்டமுன் புகை வரும்,
மீற்றிங் போகும்.
அந்த நினைப்பு வாய்க்குள் ஒரு நிமிசம் இனித்தது,
மூன்று தவணை பாக்கி வைத்திருக்கிற வாய்.

பிறகு போய்ச் சொன்னேன்.
"சேர், முன் இடது பிறேக் இறுகிக் கிடக்கு.
மினுக்கினாலும் நாளைக்கே கறுக்கும்.
கராஜில காட்டிப்போட்டு ஓடுங்கோ."
போனை விலக்கி என்னைப் பார்த்தார்,
எங்கேயோ கண்ட முகத்தைத் தேடுகிறவர் போல.
அது கிடைக்கவில்லை.
"மினுக்கித் தாங்கோ. காணும்."

மினுக்கினேன்.
உலர்ந்த துணியால், குழி குழியாய்,
பத்துக் கம்பியிலும் என் முகம்
பத்துத் துண்டாய்த் தெரியும் வரை.

கண்டி வீதியில் ஏறும்போது
கார் லேசாய் இடப்பக்கம் இழுத்தது.
நிறோஜன் கேட்டான்:
"என்னக்கா, ஏதும் தந்தவரோ?"
"இருநூறு."
வாய்க்காலில் ஊதா இன்னும் போய் முடியவில்லை.
அடுத்து நின்றது ஒரு லான்ட்மாஸ்ரர்,
வயல் முழுக்கச் சேறு.
அதுக்கு அலோயும் இல்லை.
சொல்லப்போனால்
பிறேக்கும் இல்லை.